நூற்று நாற்பத்தேழு

என் கட்டைவிரலில் ஒரு காய்ப்பு உண்டு,
எண்ணும் கருவியின் பொத்தான் தந்தது.
பலகையில் கால் வைக்கும் ஒவ்வொரு தலைக்கும்
ஒரு டிக்.
மடியில் தூங்கும் குழந்தைக்கும் ஒரு டிக்.
நாய்க்குக் கிடையாது, வாய்ப்பூட்டு போதும்.
காற்றடைத்த ரோஸ் நிற ஃபிளமிங்கோவுக்கும் கிடையாது,
மூன்று ஆள் இடத்தை அது அடைத்துக்கொண்டு நின்றாலும்.
நூற்று நாற்பத்தேழு வந்ததும்
சங்கிலியைக் கொக்கியில் மாட்டுவேன்.
அதற்குத்தான் சம்பளம்.

ஆகஸ்டில் ஸாதார் துறையில்
வரிசை ஐஸ்கிரீம் கடையைச் சுற்றிக்கொண்டு
தேவாலயப் படிவரை போகும்.
கரையில் விடப்பட்டவர்கள்
ஏழு மொழிகளில் என்னை வைவார்கள்.
நான்கு எனக்குப் புரியும்.

பிப்ரவரியில் கதை வேறு.
எண் பதினொன்றைத் தாண்டாது.
ஆளில்லாத படகுக்கு டீசல் எதற்கு என்று
கம்பெனி கடிதம் போட்ட வருடம்
தீவுக்காரர்கள் கூடிப் பேசி
வேலையே இல்லாமல் பயணம் செய்தார்கள்.
டிங்கோவும் தோன்காவும்
செவ்வாய், வியாழன், சனி.
வருவார்கள், துறையில் ஒரு காப்பி,
அதே படகில் திரும்புவார்கள்.
"எண்ணு, ஸ்ரெச்கோ" என்பார் டிங்கோ
என் விரலையே பார்த்தபடி.
நான் அழுத்தும்வரை நகரமாட்டார்.

மாதா பெருவிழாவுக்கு முந்தின நாள்,
பன்னிரண்டு நாற்பது படகு.
மருத்துவமனை வண்டி பின்பக்கமாக வந்தது.
சரக்குச் சீட்டில் "உருப்படி ஒன்று" என்று எழுதி
கையெழுத்து வாங்கினார்கள்.
ஒரு வாஷிங் மெஷினுக்கும் தக்காளிப் பெட்டிகளுக்கும் நடுவே
டிங்கோ ஏறினார்.
டிக் இல்லை.

சான்றிதழில் முத்திரை வாங்கிக்கொண்டு
தோன்கா ஓடி வந்தபோது
சங்கிலி மாட்டியாயிற்று.
தீவுக்காரர் அட்டைக்கு முன்னுரிமை உண்டு,
புறப்பாட்டுக்குப் பதினைந்து நிமிடம் முன்புவரை.
பதினொரு நிமிடம் இருந்தது.

உள்ளே திரும்பி மூன்று மொழியில் சொன்னேன்:
கீழே இருப்பவரின் மனைவி. யாராவது ஒருவர்.
பொய் சொல்லக் கூடாது,
ஆறேழு பேர் உடனே எழுந்தார்கள்.
"இங்கே உட்காரட்டும்" என்று
இருக்கையைத் தட்டிக் காட்டினார்கள்.
தட்டிவிட்டு அங்கேயே நின்றார்கள்.
உட்கார அல்ல, இறங்க வேண்டும் என்றேன்.
மாறாத அதே அன்போடு
எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்திதானே, விடு" என்றார் கேப்டன் யூரே
ஜன்னல் வழியாக.
மூழ்கின படகு ஒவ்வொன்றிலும்
யாரோ சொன்ன சொல் அது.
அவருக்கும் தெரியும். மறுபடி சொல்லவில்லை.

தோன்கா எதுவும் கேட்கவில்லை.
சங்கிலிக்கு மேலே ஒரு கறுப்புப் பையை நீட்டினாள்.
"அவர் ஷூ. ஆஸ்பத்திரியில் போட்டுவிடவில்லை.
நான் வரும்வரை யாரும் பெட்டியைத் திறக்க வேண்டாம்."

தீவில்
மீன் கூட்டுறவுக் கிடங்கின் நிழலில் இறக்கிவைத்தோம்.
பையைப் பெட்டிமேல் வைத்தேன்.
இறங்கிய நூற்று நாற்பத்தேழு பேரும்
அந்த இருபது அடிக்கு மட்டும்
சக்கரப் பெட்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்,
சத்தம் வராமல்.
அப்புறம் கீழே வைத்தார்கள்.
கற்சாலை முழுக்க கடகடவென்று
மேட்டுவரை கேட்டது.

மாலைப் படகின் வரிசையில்
முதல் ஆள் தோன்கா.
மதியத்திலிருந்து வெயிலில் நின்றதில்
மூக்கு சிவந்திருந்தது.
அழுத்தினேன். ஒன்று.
அவள் நகரவில்லை.
என் விரலைப் பார்த்தாள்.
பின்னால் வரிசை முண்டியது,
யாரோ விசிலடித்தான்.

இன்னொரு முறை அழுத்தினேன்.

அன்று மாலை
நூற்று நாற்பத்தாறு பேரோடு போனோம்.
செல்லுபடியாகும் டிக்கெட்டைக் கையில் ஆட்டிக்கொண்டு
கரையில் நின்ற பையன் கத்தியது
எனக்குப் புரியாத மூன்றில் ஒன்று.